வலது கண்ணுக்கு ஆர்கன், இடது கண்ணுக்கு யாக்

கார்பன் மட்டமான சரக்கு என்றுதான் முதலில் நினைத்தேன்.

நான் சினிமா தியேட்டரில் படம் ஓட்டும் ஆபரேட்டர். அந்தக் காலத்து மெஷினில் பல்பு கிடையாது. இரண்டு கார்பன் குச்சிகளின் முனைகளை நெருக்கி வைத்து மின்சாரம் கொடுத்தால், நடுவில் வெள்ளையாக ஒரு நெருப்பு நிற்கும். அதற்கு ஆர்க் என்று பெயர். அதுதான் படத்தைத் திரைக்குக் கொண்டுபோகும். ஒருநாள் மாலைக் காட்சியில், ஆர்க் பெட்டியின் சின்னக் கண்ணாடி ஜன்னலைச் சுற்றி வானவில் போல ஒரு வளையம் தெரிந்தது. குச்சியை மாற்றினேன். வளையம் போகவில்லை. புதுப் பெட்டியைப் பிரித்து வேறு குச்சி மாட்டினேன். அப்போதும் இருந்தது.

கேபினில் என்னோடு வேலை பார்த்த இன்னொரு ஆபரேட்டர் பூமிநாதன், என் வயதுக்காரன். அவனைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

“வெளிச்சம் கும்முன்னு இருக்கு மாப்ள. வளையமும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல. ஒனக்குத்தான் கண்ணுல என்னமோ” என்றான்.

எனக்கு அப்போது முப்பத்தோரு வயது. எண்பதுகளின் தொடக்கம். கிளாக்கோமா (கண்ணுக்குள் நீரழுத்தம் ஏறி, பார்வை நரம்பை நசுக்கிவிடும் நோய்) என்ற சொல்லைக் கேட்டதில்லை. கேட்டிருந்தாலும், அது வயதானவர்கள் சமாச்சாரம் என்று விட்டிருப்பேன். நாற்பதைத் தொடுவதற்குள் இந்த நோய் வந்து, லேசர் வைக்கலாமா, எந்த லேசர், அது நிற்குமா என்று தவித்துக்கொண்டிருக்கும் உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். இரண்டு கண்ணிலும் இரண்டு விதமான லேசர் வாங்கியவன் என்பது ஒன்றுதான் என் தகுதி.

என் தொழிலைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். தற்பெருமை என்று நினைத்தாலும் பாதகமில்லை. ஒரு படம் பல ரீல்களாக வரும். இரண்டு மெஷின்களில் மாற்றி மாற்றி ஓட்டுவோம். ரீல் முடியப்போகும்போது திரையின் வலது மேல் மூலையில் ஒரு புள்ளி மின்னி மறையும். அதைப் பார்த்ததும் அடுத்த மெஷினின் மோட்டாரைப் போட வேண்டும். சில நொடிகளில் இரண்டாவது புள்ளி வரும். அந்தக் கணத்தில் இந்த மெஷினை மூடி அதைத் திறக்க வேண்டும். தவறினால் திரை வெள்ளையாகிவிடும். அப்புறம் மதுரைக்காரர்கள் ஆபரேட்டரின் குடும்பத்தில் ஒருவரையும் விட்டுவைக்க மாட்டார்கள். என் அம்மாவை யாரும் அப்படி ஏசியதில்லை. கதாநாயகி கண்ணீர் விடும்போது ரீல் மாறினாலும் அந்தக் கண்ணீர் அறுபடாமல் விழும். அப்படி ஓட்டுவேன்.

கூலி வேலைக்குப் போன குடும்பத்திலிருந்து முதன்முதலாக அரசாங்க லைசென்ஸ் வாங்கிய ஆள் நான். அது ஆபரேட்டர் லைசென்ஸாக இருந்தால் என்ன? கண்ணாடிச் சட்டம் போட்டு விளாங்குடி வீட்டுச் சுவரில் மாட்டி வைத்திருந்தேன்.

வளையம் வந்த பிறகு வலது புருவத்துக்கு மேல் வலி வரத் தொடங்கியது. இந்த இடத்தில் நாங்கள் ஒரு தப்பு செய்தோம். அதைச் செய்ய தியேட்டர்காரர்களால் மட்டும்தான் முடியும்.

ஆர்க் வெளிச்சம் கண்ணைத் தின்றுவிடும் என்பது ஆபரேட்டர்களிடையே காலகாலமாக இருந்துவந்த பயம். அதை வெறும் கண்ணால் பார்ப்பது கெடுதல் என்பது உண்மைதான். ஆனால் எந்தக் கண் கோளாறு வந்தாலும் பழியை அதன் தலையில் போட்டுவிடுவோம். வைத்தியமும் எங்களிடமே இருந்தது: வெளிச்சத்தை விட்டு விலகி இரு. பூமிநாதன் தன் கறுப்புக் கண்ணாடியைக் கொடுத்தான். இடைவேளை வரை அவன் பார்த்துக்கொள்வான். நான் ரீல் சுற்றும் அறையில் விளக்கை அணைத்துவிட்டு, கண்ணில் ஈரத்துணியோடு உட்கார்ந்திருப்பேன். வீட்டில் என் மனைவி செல்வி ஜன்னலுக்குப் பழைய சேலையைக் கட்டி அறையை இருட்டாக்கினாள். எவ்வளவுக்கு எவ்வளவு ஓய்வெடுத்தேனோ அவ்வளவுக்கு அவ்வளவு வலி கூடியது.

தாங்க முடியாதபோது கீழே இறங்கி எதிர்த்த டீக்கடைக்குப் போவேன். மேட்னி நேரத்து வெயிலில், கண்ணாடியைக் கழற்றிப் பையில் போட்டுவிட்டு, நின்றபடியே ஒரு டீ குடிப்பேன். குடித்து முடிப்பதற்குள் வலி இறங்கிவிடும். ஆக, டீதான் மருந்து என்று முடிவு கட்டினோம். பூமிநாதன் இஞ்சி தட்டிப் போடச் சொல்லி டீயைக் கேபினுக்கே வரவழைத்தான். அந்த டீ வேலை செய்யவில்லை. மாடிக்கு அனுப்பும் டீயில் மட்டும் தண்ணீர் ஊற்றுகிறார் என்று டீ மாஸ்டரிடம் சண்டைக்கே போய்விட்டேன்.

“ஒரே பாய்லரு, ஒரே டிக்காஷன்ணே. மேல போறதுக்குன்னு தனியாவா போடுறேன்?” என்று அவர் பரிதாபமாகக் கேட்டார். நான் நம்பவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மேட்னியில் அது முழுசாக வந்தது. வலது பக்கத் தலையைப் பிளந்துபோட்டது போன்ற வலி. கண் இரத்தச் சிவப்பு. புகைக்குள்ளிருந்து பார்ப்பது போலத்தான் எல்லாம் தெரிந்தது. குடம் குடமாக வாந்தி. பித்தம் என்றார் ஒருவர். முதல்நாள் சாப்பிட்ட புரோட்டா என்றார் இன்னொருவர். பக்கத்துக் கிளினிக்கில் வாந்திக்கு ஊசி போட்டு அனுப்பினார்கள். எல்லாரும் வயிற்றைப் பார்த்தார்கள், கண்ணை யாரும் பார்க்கவில்லை. கண் சிவந்து தலைவலியோடு வாந்தியும் வந்தால், தயவுசெய்து அன்றைக்கே கண் மருத்துவரிடம் போங்கள். நான் ஒரு நாள் தாமதித்தேன். அந்த ஒரு நாளுக்கு என் வலது கண் கொடுத்த விலை இன்றுவரை திரும்பவில்லை.

மறுநாள் காலையில் செல்வி என் கையைப் பிடித்துக் கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள். கண்ணில் மரத்துப்போகும் சொட்டு விட்டு, ஒரு சிறு கருவியை வைத்து அழுத்தம் பார்த்தார்கள். இருபதுக்குக் கீழே இருக்க வேண்டியது ஐம்பதைத் தாண்டி நின்றது. கிளிசரின் என்ற திகட்டும் திரவத்தில் எலுமிச்சம்பழம் பிழிந்து குடிக்கச் சொன்னார்கள். விரல் நுனியெல்லாம் மரத்து மரத்துப் போகும் ஒரு மாத்திரை கொடுத்தார்கள். கண்மணியைச் சுருக்கும் சொட்டு மருந்தை விட்டுக்கொண்டே இருந்தார்கள். சாயங்காலத்துக்குள் வலி இறங்கியது. நான் செல்வியின் தோளில் சாய்ந்து, ஆஸ்பத்திரி என்றும் பாராமல் அழுதேன்.

டாக்டரம்மாவுக்கு நாற்பது வயது இருக்கும். அளந்து பேசுவார். வலி எப்போது வரும், எப்போது போகும் என்று கேட்டார். டீ விஷயத்தைச் சொன்னேன்.

“டீக்கடை எங்க இருக்கு?”

“ரோட்டுக்கு அந்தப் பக்கம்மா.”

“நிழலிலயா, வெயிலிலயா?”

“நல்ல வெயில்லதாம்மா நிப்பேன்.”

அவர் பேனாவை மூடி வைத்தார். “உங்க வலியைக் கொறைச்சது டீ இல்ல, வெயில். உங்களுக்கு வெளிச்சம் எதிரியே இல்ல. இருட்டுதான் எதிரி.”

அவர் விளக்கியதை எனக்குப் புரிந்த மாதிரி சொல்கிறேன். கண்ணுக்குள் நீர் ஊறிக்கொண்டே இருக்கும், ஓரத்தில் உள்ள ஒரு கோணத்தின் வழியாக வடிந்துகொண்டே இருக்கும். கண்மணியைச் சுற்றியிருக்கும் நிறத் திரைக்கு ஐரிஸ் என்று பெயர். இருட்டில் கண்மணி விரியும்போது அந்தத் திரை, நம் தியேட்டர் திரைச்சீலை மாதிரி ஓரத்துக்குப் போய்க் குவியும். என் கண் பிறவியிலேயே சற்றுக் குட்டையான கண். கோணம் குறுகல். பின்னால் தேங்கிய நீரின் நெருக்கத்தில் திரை முன்னால் உப்பி, வடிகால் வாயை அடைத்துவிடும். வெயிலில் நின்றால் கண்மணி சுருங்கும், திரை விலகும், வழி திறக்கும். இந்த வயதில் இது வருவது அபூர்வம் என்றார். தூங்குகிற நேரம் போக மீதி வாழ்க்கையை இருட்டில் கழிக்கிற ஆளுக்கு வந்ததில் அவருக்கு ஆச்சரியம் இல்லை.

ஜன்னலில் சேலை கட்டிய செல்விதான் அதிகம் நொந்துபோனாள். “நானே இருட்டுல போட்டு அடைச்சு வச்சுருந்தேனே” என்று தலையில் கை வைத்துக்கொண்டாள்.

தீர்வு, திரையின் ஓரத்தில் ஓர் ஊசித் துளை. பின்னால் தேங்கும் நீர் அதன் வழியாக முன்னால் வந்துவிட்டால் திரை உப்பாது. கத்தியால் செய்வது பழைய முறை. அப்போது அங்கே ஆர்கன் லேசர் இருந்தது. ஆர்கன் என்ற வாயுவிலிருந்து எடுக்கும் நீலப்பச்சை ஒளி, சூட்டால் பொசுக்கித் துளை போடும்.

“பயமா இருக்கா?” என்று டாக்டரம்மா கேட்டார்.

“தெனமும் ஆர்க்கோட குடும்பம் நடத்துறவன்மா நான்” என்றேன்.

“அப்ப ஆடாம உக்காருவீங்க” என்றார். அப்படியே உட்கார்ந்தேன். தாடையைத் தாங்கியில் வைத்து, நெற்றியை வாரில் பதித்து, கண்ணில் ஒரு வில்லையைப் பொருத்தினார்கள். ஒவ்வொரு முறை சுடும்போதும் பச்சையாக ஒரு மின்னல், உள்ளே சுருக்கென்று ஒரு சூடு. சுட்டுக்கொண்டே இருந்தார்கள். என் திரை அடர்ந்த பழுப்பு, தடிமனும் கூட. ஒரே அமர்வில் துளை விழவில்லை. மூன்றாம் முறைதான் விழுந்தது. அன்று டாக்டரம்மா முதன்முறையாகச் சிரித்தார். சைக்கிளை மிதித்து வீடு போன வழியெல்லாம் நானும் சிரித்துக்கொண்டே போனேன்.

சில வாரங்களில் வலது கண்ணில் வளையம் திரும்பி வந்தது. பொசுங்கிய நிறத்துகள்கள் சேர்ந்து துளையை மூடிவிட்டன. எங்கள் மாதிரி அடர்ந்த நிறக் கண்களில் ஆர்கனுக்கு இது நேர்வதுண்டு என்றார் டாக்டரம்மா. மறுபடி சுட்டால் மறுபடியும் மூடலாம். கத்தி வைக்கலாம். அல்லது யாக் என்ற புது லேசர் வரவிருக்கிறது, அதற்குக் காத்திருக்கலாம். அதுவரை இரண்டு கண்ணுக்கும் சொட்டு மருந்து. இருட்டில் இருக்கக் கூடாது.

இடது கண் இன்னும் தாக்கப்படவில்லை. ஆனால் அதே குட்டைக் கண், அதே குறுகிய கோணம். வலது கண்ணின் பார்வையில், மூக்கை ஒட்டிய மேல் பக்கத்தில் ஒரு துண்டு ஏற்கெனவே போய்விட்டிருந்தது. அது வராது என்று ஒளிக்காமல் சொல்லிவிட்டார். இடது கண்ணும் அப்படிப் போனால் மூலைப் புள்ளியை நான் எதைக் கொண்டு பார்ப்பேன்? அந்த நாட்களில் எனக்கு இருந்த பயம் இது ஒன்றுதான்.

கேபினில் ஒரு விளக்கைத் தகரத்தால் மறைத்து, வெளிச்சம் திரைப் பக்கம் போகாமல் என் முகத்தில் மட்டும் விழும்படி மாட்டிக்கொண்டேன். ஆனால் சொட்டு மருந்து கண்மணியை ஊசிமுனையாகச் சுருக்கிவிடும். எல்லாம் மங்கல். என் நைனா காலத்து அரிக்கேன் வெளிச்சத்தில் படம் பார்ப்பது போலிருக்கும். ஒரு மாலைக் காட்சியில், கதையில் மழை பெய்துகொண்டிருந்தது, காட்சியே இருட்டு, புள்ளி வந்ததும் போனதும் எனக்குத் தெரியவில்லை. திரை வெள்ளையாகிவிட்டது.

“யோவ் ஆபரேட்டர்! தூங்குறியா?” கீழே மொத்தக் கொட்டகையும் கத்தியது. அப்புறம் சொன்னதை எழுத முடியாது. பூமிநாதன் என்னைத் தள்ளிவிட்டு மெஷினை மாற்றினான். என் அம்மா அன்றைக்குத்தான் முதன்முதலாக ஏச்சு வாங்கினாள்.

முதலாளி கெட்டவர் அல்ல. மறுநாள் கூப்பிட்டு, “கண்ணு சரியாகுற மட்டும் சைக்கிள் ஸ்டாண்டைப் பாருப்பா. டோக்கன் கொடுக்குறதுதானே. சம்பளத்துல கை வைக்க மாட்டேன்” என்றார். சம்பளம் கிடக்கட்டும். நாளெல்லாம் வெயிலில் நின்றேன். கண்ணுக்கு அது நல்லதுதான். சுவருக்கு வெளியே வசனம் கேட்கும். எந்த வசனத்தில் ரீல் மாறும் என்று எனக்குத் தெரியும். அந்த இடம் வரும்போது என் வலது கை தானாக மேலே போகும். சைக்கிள் எடுக்க வந்தவர்கள் பார்த்துச் சிரித்திருப்பார்கள். எனக்கு நெஞ்சு எரியும்.

யாக் மெஷின் ஒருவழியாக வந்தது. முதல் சில பேர்களில் நானும் ஒருவன். அந்த நாள் ஆஸ்பத்திரி பெஞ்சில் என் பக்கத்தில் பசுமலைப் பள்ளிக்கூடத்து டீச்சர் ஒருவர் உட்கார்ந்திருந்தார். இருபத்தெட்டு வயது. அவருக்கும் கிளாக்கோமாதான். ஆனால் வேறு வகை. கோணம் திறந்தே இருக்கிறது, வடிகட்டிச் சல்லடைதான் சரியாக வேலை செய்யவில்லை. அந்தச் சல்லடை மேலேயே ஆர்கனால் சுட்டிருந்தார்கள். அழுத்தம் இறங்கவில்லை. அடுத்து அறுவை சிகிச்சை.

“ஒங்களுக்கு மட்டும் புது மெஷின்ல வைக்கிறாங்களாமே அண்ணே. எனக்கும் வைக்கச் சொல்லிக் கேக்கப் போறேன்” என்றார்.

கேட்டார். டாக்டரம்மா அவரிடம் சொன்னது எனக்கும் காதில் விழுந்தது. “அவருக்கு வழி அடைச்சிருக்கு, ஓட்டை போட்டா போதும். உங்களுக்கு வழி அடைக்கல, ஓட்டை போட்டு என்ன பிரயோசனம்? சல்லடையில வைக்கிற லேசர் வயசானவங்களுக்குக் கேக்குற அளவு சின்ன வயசுக்காரங்களுக்குக் கேக்கறதில்ல. அது உங்க தப்பு இல்ல.” டீச்சர் பிறகு அறுவை சிகிச்சை செய்துகொண்டு, வருஷக் கணக்கில் பாடம் நடத்தினார். வாசகர்களே, பெஞ்சில் பக்கத்தில் இருப்பவரின் லேசரோடு உங்கள் லேசரை ஒப்பிடாதீர்கள். நோய்க்குப் பெயர் ஒன்று, கோளாறு வேறு. நான் ஒப்பிடுவது என் ஒரு கண்ணை இன்னொரு கண்ணோடு. அதற்கு எனக்கு உரிமை இருக்கிறது.

யாக்கில் மின்னல் இல்லை, சத்தம்தான். “டப்” என்று கண்ணுக்குள்ளே ஒரு பட்டாசு. இது சூட்டால் பொசுக்குவதில்லை, நுண்ணிய வெடிப்பால் திரையைக் கிழிக்கிறது. இடது கண்ணில் இரண்டு “டப்”. திரை கிழிந்து நீர் குபுக்கென்று முன்னால் வந்ததை டாக்டரம்மா பார்த்துவிட்டார். ஒரு துளி இரத்தம் கசிந்தது. வில்லையைச் சற்று அழுத்திப் பிடித்ததும் நின்றது. ஆர்கனில் எனக்கு இரத்தம் வரவில்லை, அதை ஒப்புக்கொள்ள வேண்டும். வலது கண்ணில், மூடிப்போன பழைய துளையின் மீது ஒரே ஒரு “டப்”. மூன்று அமர்வுகளில் ஆர்கன் அரைகுறையாக விட்டதை அது முடித்து வைத்தது. ஆனால் ஆர்கன் வீண் என்று சொல்ல மாட்டேன். அது திரையை மெலிதாக்கி வைத்திருந்ததால்தான் ஒரே வெடிப்பில் வேலை முடிந்தது என்று டாக்டரம்மாவே சொன்னார். இரண்டிலும் முதல் சில மணி நேரம் அழுத்தம் ஏறலாம். பார்க்காமல் வீட்டுக்குப் போய்விடாதீர்கள்.

அடுத்த மாதங்களில் பயிற்சி டாக்டர்கள் வரிசையாக வந்து என் கண்களைப் பார்த்தார்கள். “வலது ஆர்கன், ஓரம் கருகி வட்டமா இருக்கு. இடது யாக், கீறல் மாதிரி இருக்கு. ரெண்டும் ஒரே ஆள்கிட்ட” என்று டாக்டரம்மா காட்டுவார். நான் முதுகை நிமிர்த்தி, தாடையைத் தாங்கியில் வைத்து, ஆடாமல் உட்கார்ந்திருப்பேன். “இவரை மாதிரி உட்காரணும்” என்று மற்ற நோயாளிகளிடம் சொல்வார். லைசென்ஸ் வாங்கிய அன்றுகூட அவ்வளவு பெருமையாக இருந்ததில்லை.

ஆனால் கேபினுக்குப் போகலாம் என்று அவர் சொல்லவில்லை. துளை திறந்திருந்தும் சிலருக்கு இருட்டில் கோணம் அடைக்கும் என்றார். அதற்கு ஒரு சோதனை இருந்தது. இருட்டறையில் ஒரு மணி நேரம், தூங்காமல், மேசையில் கைகளை மடக்கி வைத்து அதன்மேல் நெற்றியைச் சாய்த்து, குப்புற இருக்க வேண்டும். முடிந்ததும் அழுத்தம் பார்ப்பார்கள். ஏறியிருந்தால் சைக்கிள் ஸ்டாண்டுதான்.

பூமிநாதன் லீவு போட்டுவிட்டு வந்தான். சத்துணவுக் கூடத்தில் சமையல் வேலை பார்த்த செல்வி, அன்றைக்கு அடுப்பை வேறொருத்தியிடம் விட்டுவிட்டு வந்தாள். அறைக் கதவை மூடும்போது, “தூங்கிராதீக, நான் இங்கனதான் இருக்கேன்” என்றாள்.

என் வாழ்க்கையில் எத்தனையோ இருட்டைப் பார்த்திருக்கிறேன், அதில் எல்லாம் ஒரு திரை இருந்தது. இதில் ஒன்றும் இல்லை. புருவத்துக்கு மேல் வலி கிளம்புகிறதா என்று காத்திருந்தேன். தூக்கம் வராமலிருக்க, சைக்கிள் ஸ்டாண்டில் நின்று கேட்ட ஒரு படத்தை முதலிலிருந்து மனதுக்குள் ஓட்டினேன். ரீல் மாறுகிற இடத்திலெல்லாம் மாற்றினேன். ஒரு இடத்திலும் திரை வெள்ளையாகவில்லை. கதவைத் திறந்தபோது ஐந்தாவது ரீலின் நடுவில் இருந்தேன்.

டாக்டரம்மா வலது கண்ணைப் பார்த்தார். இடது கண்ணைப் பார்த்தார். மறுபடியும் வலது.

“உள்ள போறப்ப என்ன இருந்துச்சோ அதேதான். போய்ப் படம் ஓட்டுங்க” என்றார்.

“அம்புட்டுத்தானாம்மா?” என்றான் பூமிநாதன். செல்வி என் இரண்டு கண்ணையும் சேலைத் தலைப்பால் ஒற்றினாள். மூன்று பேரும் ஒரே ரிக்‌ஷாவில் நெருக்கி உட்கார்ந்து, நேரே தியேட்டருக்குப் போனோம். அன்றைய மாலைக் காட்சியை நான்தான் ஓட்டினேன். ரீல்கள் மாறின. கொட்டகையில் ஒருவருக்கும் தெரியவில்லை. அதைவிட என்ன வேண்டும்?

இன்றும் வருஷத்தில் இருமுறை அழுத்தம் பார்த்துக்கொள்கிறேன். வலது கண்ணில் போன துண்டு போனதுதான். ஒரு கண்ணை மூடினால்தான் அது தெரியும், ஆகவே மூடுவதில்லை. முன்பெல்லாம் எனக்குக் கண் என்பது வெளியே பார்க்கிற ஒன்று. இப்போது அதற்கு உள்ளே ஓர் ஊற்று இருப்பதும், அது நிற்காமல் ஓடுவதும் தெரியும். பொழுது சாய்வதும், மேகம் மூடுவதும், அறைக்குள் நுழைவதும் எனக்கு முன்னைப் போல இல்லை. வெளிச்சம் குறைகிற ஒவ்வொரு முறையும் திரை ஓரத்துக்குப் போகும், துளை வழியே நீர் வரும் என்று ஒரு கணம் நினைத்துக்கொள்வேன். வலிக்காது. ஆனாலும் நினைக்காமல் இருந்ததில்லை.

காட்சிக்கு நேரமாகும்போது கேபின் ஜன்னல் வழியாகக் கீழே பார்க்கிறேன். ஜனங்கள் இடம் பிடித்து உட்கார்ந்துவிட்டார்கள். எல்லாரும் இருட்டுக்காகக் காத்திருக்கிறார்கள். மணியை அடித்து, விளக்குகளை நானே அணைக்கிறேன்.